எச்.ஐ.வி. குளிசை மருந்தாகவும் தடுப்பாகவும் வேலை செய்வது எப்படி?

வன்னியில் எச்.ஐ.வி. பற்றிய பேச்சு பெரும்பாலும் யாரோ ஒருவரைப் பற்றிய கதையாகத்தான் காதில் விழும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் மெலிந்து போயிருப்பார். அல்லது கர்ப்பிணி ஒருத்தியைக் கிளினிக்கில் இரண்டாம் தரம் இரத்தம் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். 'அந்த வருத்தமாம்' என்று யாராவது தொடங்கி வைத்தால் போதும், பொழுதுபடுவதற்குள் ஊரெல்லாம் போய்விடும். ஆனால் அந்த வருத்தம் என்ன, எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். 'வந்தால் சாவுதான்' என்பார் ஒருவர். 'இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்குத்தானே' என்பார் மற்றவர். இரண்டுமே பிழை. முதலாவது பயம் பரிசோதனைக்குப் போகவிடாமல் மறிக்கிறது, இரண்டாவது அலட்சியம் தடுப்பை மறக்க வைக்கிறது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய பாடத்தில் எச்.ஐ.வி. வரும்போது வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு எழுதும், ஒரு கேள்வியும் எழாது. மணி அடித்த பிறகு ஒன்றிரண்டு பேர் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்குக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார்கள். அப்படி வரும் கேள்விகளில் ஒன்று மிக நல்ல கேள்வி: 'ரீச்சர், மருந்து ஒழுங்காக எடுக்கிற ஆளிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்கிறார்கள். கிருமி உடம்புக்குள் இருக்கிறதுதானே, பிறகு எப்படித் தொற்றாமல் போகும்?'

இதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க உலகத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தப் பதிலையும், அதைத் தேடிய ஆராய்ச்சியாளர்களின் வேலை எப்படிப்பட்டது என்பதையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

## எச்.ஐ.வி. வேறு, எயிட்ஸ் வேறு

எச்.ஐ.வி. ஒரு வைரஸ். வைரஸ் என்பது தானாகப் பெருக முடியாத மிக நுண்ணிய கிருமி. உயிருள்ள ஒரு கலத்துக்குள் புகுந்தால்தான் அது தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கும். எயிட்ஸ் என்பது, அந்த வைரஸ் பல வருடம் சிகிச்சை இல்லாமல் உடம்பில் இருந்து நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்த பிறகு வரும் நிலை. தொற்று ஏற்பட்டதிலிருந்து அந்த நிலைக்கு வர, மருந்து எடுக்காதவருக்குச் சராசரியாக 8 முதல் 10 வருடம் ஆகலாம். அந்த வருடங்களில் ஆள் வயலுக்குப் போவார், வேலை செய்வார், கலியாணம் கட்டுவார், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆகவே ஒருவர் மெலிந்திருப்பதை வைத்துக் கதை கட்டுவதில் அர்த்தமே இல்லை. முகத்தைப் பார்த்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க டொக்டராலும் முடியாது.

## வயலில் களை

வயல் செய்கிறவர்களுக்கு மாணவரின் அந்தக் கேள்விக்குரிய விடை லேசாக விளங்கும்.

காலபோகத்தில் ஒருவரின் வயலில் கெட்ட களையொன்று முளைத்துவிட்டது என்று வையுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் அவருடைய நெல்லை அது நெருக்கிச் சாகடிக்கும். முற்றி விதை கொட்டினால், அந்த விதை வாய்க்கால் தண்ணீரோடு வரம்பைத் தாண்டி அடுத்த வயலுக்கும் போகும். அதே களையைப் பூக்கும் முன்பே அடக்கி வைத்தால் அவருடைய நெல்லும் தப்பும், பக்கத்து வயலும் தப்பும். ஆனால் முன்பு விழுந்த பழைய விதைகள் மண்ணுக்குள் கிடக்கும். சிறுபோகத்தில் கவனிப்பை விட்டால் அவை திரும்ப முளைக்கும்.

மருந்து ஒழுங்காக எடுக்கும் ஒருவரின் உடம்பு, களை அடக்கப்பட்ட அந்த வயல் போன்றது. விதை மண்ணுக்குள் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மண்ணுக்குள் உறங்குகிற விதை வரம்பு தாண்டிப் போவதில்லை, கதிரிலிருந்து கொட்டுகிற விதைதான் போகும். மருந்து நிறுத்துவது அந்தக் கொட்டுதலைத்தான்.

## உடம்புக்குள் உண்மையில் நடப்பது

சரி, இனி வயலை விட்டு இரத்தத்துக்கு வருவோம்.

நமது வெண்குழியங்களில் ஒரு வகைக்கு சி.டி.4 கலம் என்று பெயர். கிருமி ஒன்று உள்ளே வந்தால் மற்ற எதிர்ப்புக் கலங்களுக்குச் சைகை கொடுத்து வேலை செய்ய வைப்பது இந்தக் கலம்தான். சுகமான ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை சி.டி.4 கலங்கள் இருக்கும். எச்.ஐ.வி. தேடிப் போய் ஒட்டுவது இந்தக் கலத்தில். உள்ளே புகுந்ததும் தன் மரபுச் செய்தியை நம் டி.என்.ஏ.க்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும். பிறகு அதை நம் டி.என்.ஏ.க்குள்ளேயே செருகிவிடும். அதன் பிறகு அந்தக் கலம் நம்முடைய வேலையை விட்டுவிட்டு வைரஸ் செய்து தள்ளத் தொடங்கும். புதிய வைரஸ்கள் வெளியே வந்து வேறு கலங்களைப் பிடிக்கும். கலங்கள் அழிந்துகொண்டே போகும். எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் அதை எயிட்ஸ் நிலை என்கிறார்கள். சாதாரணமாக உடம்பு அடக்கி வைத்திருக்கும் காசநோய் போன்றவை அப்போது தலைதூக்கும்.

மருந்துகள் செய்வது என்னவென்றால், மேலே சொன்ன படிகளை மறிக்கின்றன. வடிவம் மாற்றும் நொதியத்தை ஒரு மருந்து முடக்கும், டி.என்.ஏ.க்குள் செருகும் நொதியத்தை இன்னொன்று முடக்கும். இப்படிச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சைக்கு ஏ.ஆர்.ரி. என்று பெயர். படிகள் மறிபட்டால் புதிய வைரஸ் உருவாகாது. ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றும் வைரஸ் சீக்கிரம் அழியும். ஆனால் சில கலங்களில் வைரஸ் தன் செய்தியைச் செருகிவிட்டு ஒன்றும் செய்யாமல் உறங்கும். உறங்குகிறதை மருந்தால் தொட முடியாது, ஏனென்றால் மறிப்பதற்கு அங்கே ஒரு படியும் நடக்கவில்லை. இதனால்தான் குளிசை எச்.ஐ.வி.யை முற்றாக வெளியேற்றுவதில்லை. வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்ற கணக்கு 'வைரஸ் சுமை'. மருந்து எடுக்காதவருக்கு இது ஆயிரக்கணக்கிலிருந்து இலட்சக்கணக்கு வரை இருக்கும். தொற்றிய முதல் சில வாரங்களில் இன்னும் கூட. ஒழுங்காக மருந்து எடுப்பவருக்கு, அநேகமாக ஆறு மாதத்துக்குள், 50க்கும் கீழே போய்விடும். பரிசோதனைக் கருவியால் எண்ண முடியாத இந்த அளவைக் 'கண்டறிய முடியாத நிலை' என்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எச்.ஐ.வி. நம் எதிர்ப்புக் கலத்துக்குள் புகுந்து பெருகுகிறது. மருந்து அந்தப் பெருக்கத்தை நிறுத்துகிறது. உறங்குகிற வைரஸ் உள்ளே மிஞ்சும், ஆனால் இரத்தத்தில் வைரஸ் சுமை கண்டறிய முடியாத அளவுக்கு விழுந்துவிடும். தொற்றுமா தொற்றாதா என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சுமை.

## சென்னையில் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி

1981 யூன் மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா பற்றிய சிறு அறிக்கையோடுதான் எயிட்ஸ் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொன்தாஞியேயும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. இவை எல்லாரும் சொல்கிற கதைகள். எனக்குப் பிடித்தது பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் ஊரில் நடந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். எயிட்ஸ் மேல்நாட்டு வருத்தம், நம் பக்கத்து ஒழுக்கத்துக்கு அது வராது என்று பத்திரிகைகளும் பெரியவர்களும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1985இன் கடைசியில், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதைத் தேடிப் பார்க்கச் சொன்னார். நிர்மலா அரசாங்கக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். பிரித்தெடுத்த மாதிரிகளை வைக்க வசதியான இடம் இல்லாததால் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். 1986இல் அவற்றை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அமெரிக்காவிலும் சரிபார்த்து உறுதிசெய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. அடுத்த வருடம், 1987இல், இலங்கையர் ஒருவருக்கு முதல் தடவையாகத் தொற்று கண்டறியப்பட்டது.

கண்டுபிடித்ததோடு சாலமன் நின்றிருக்கலாம், பேர் கிடைத்துவிட்டது. தொற்றாளர்களை மருத்துவமனைகளே திருப்பி அனுப்பிய காலம் அது. 1993இல் அவர் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே வந்த பெண்களைப் பற்றி எழுதிவைத்த தரவுகள் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தன. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 'ஒழுங்காக வாழ்கிறவளுக்கு வராது' என்று இன்றைக்கும் நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் பேச்சு அந்தப் பெண்களுக்குச் செய்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் செய்தது கலியாணம் கட்டியது மட்டும்தான்.

ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை என்றால் ஆய்வுகூடத்தில் குனிந்திருப்பது என்று நினைப்போம். சாலமன் 2015இல் இறக்கும் வரை செய்த வேலையில் பாதி, ஆட்களோடு உட்கார்ந்து கதைப்பது. எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் அதைத் தவிர்க்க முடியாது. தொற்று எங்கே நடக்கிறது என்பதை நோயாளி மனம்விட்டுச் சொன்னால்தான் தெரியும். அவமானப்படுத்தும் இடத்தில் யாரும் மனம்விட மாட்டார்கள்.

## மருந்துகள் வந்த விதம்

முதல் மருந்து சிடோவுடின், 1987இல் வந்தது. தனியாகக் கொடுத்தபோது கொஞ்சக் காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. எச்.ஐ.வி. தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை விடும். அப்படிப் பிழையாகப் பிறந்த வைரஸ்களில் ஏதாவது ஒன்றுக்கு மருந்து பலிக்காமல் போகும். அது மட்டும் தப்பிப் பெருகும். 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை தலைகீழானது, ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்பக்கூடிய வைரஸ் தற்செயலாகப் பிறப்பது மிக மிக அரிது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

ஆனால் விலை ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா மூன்று மருந்துச் சேர்க்கையை வருடம் 350 டொலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளுக்குக் கதவு திறந்தது. இலங்கையில் அரசாங்கம் 2004 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. கிளிநொச்சியிலோ துணுக்காயிலோ இருக்கும் ஒருவர் இதற்காக ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை, பஸ் காசைத் தவிர.

## 1763 தம்பதிகள்

மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பது 1996இலேயே தெரிந்துவிட்டது. உடலுறவில் அது தொற்றையும் நிறுத்துமா என்பது தெரியாது. வைரஸ் சுமை குறைந்தால் தொற்றும் குறைய வேண்டும் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை நம்பி ஒரு மனைவியிடம் 'பயமில்லை' என்று சொல்ல முடியாது.

அதைச் சோதிக்க அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் கோஹன் தலைமையில் பெரிய ஆய்வொன்று நடந்தது. அதன் பெயர் எச்.பி.ரி.என். 052. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1763 தம்பதிகள், ஒன்பது நாடுகளிலிருந்து. சாலமனின் ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஒரு நிலையம். அந்தக் காலத்தில் சி.டி.4 எண்ணிக்கை நன்றாக விழுந்த பிறகுதான் மருந்து தொடங்குவது வழக்கம். ஆய்வில் பாதிப் பேருக்கு உடனேயே மருந்து தொடங்கினார்கள், மற்றப் பாதிக்கு அன்றைய வழக்கப்படி பிந்தித் தொடங்கினார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானித்தார்கள். எல்லாத் தம்பதிகளுக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்தார்கள்.

இங்கே ஆராய்ச்சியாளரின் கவனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மனைவிக்குத் தொற்று வந்தால், அது கணவனிடமிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? எச்.ஐ.வி. பிரதி எடுக்கும்போது பிழை விடும் என்றேன் அல்லவா, அந்தப் பிழைகளே இங்கு சாட்சி. ஒவ்வொருவரின் உடம்பிலும் வைரஸ் கொஞ்சம் வேறுபட்டுப் போயிருக்கும். இருவரின் வைரஸ்களின் மரபுச் செய்தியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றது வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். தனி மருந்தைப் பலிக்க விடாத அதே குணம் உண்மையைக் கண்டுபிடிக்க உதவியது.

2011இல், ஆய்வு முடிய இன்னும் வருடங்கள் இருக்கும்போதே, கண்காணிப்புக் குழு முடிவை வெளியிடச் சொன்னது. துணையிடமிருந்து தொற்றியதாக ஒப்பீட்டில் உறுதியானவர்கள் 28 பேர். அவர்களில் உடனே மருந்து தொடங்கிய பக்கத்தில் எத்தனை பேர்? ஒருவர். மற்ற 27 பேரும் பிந்தித் தொடங்கிய பக்கம். 96 வீதக் குறைவு. பிந்திய பக்கத்தில் இருந்தவர்களுக்கும் உடனே மருந்து கொடுக்க முன்வந்தார்கள், ஏனென்றால் தெரிந்த பிறகு காக்க வைப்பது அநியாயம்.

அதன் பிறகு ஐரோப்பாவில் 'பார்ட்னர்' என்ற ஆய்வு இன்னும் கூர்மையாகக் கேட்டது: வைரஸ் சுமை கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டால் ஆணுறை இல்லாமலும் தொற்றாதா? 2016இலும் 2019இலும் முடிவுகள் வந்தன. முதல் கட்டத்தில் ஆணுறையில்லாத சுமார் 58,000 உறவுகள், இரண்டாம் கட்டத்தில் ஆண்-ஆண் சோடிகளுக்கிடையே 76,000க்கு மேல். துணையிடமிருந்து தொற்றியது பூச்சியம். சிலருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, ஆனால் வைரஸ்களை ஒப்பிட்டபோது அது வெளி ஆட்களிடமிருந்து வந்திருந்தது.

சுருக்கமாக: வைரஸ் சுமை கண்டறிய முடியாத நிலையில் நிலைத்து இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது. நோயாளிக்குக் கொடுக்கிற குளிசை அவருடைய துணைக்கும் தடுப்பு.

இதில் நிபந்தனைகள் உண்டு. குளிசையைத் தவறாமல் எடுக்க வேண்டும். வைரஸ் சுமையைக் காலத்துக்குக் காலம் அளந்து பார்க்க வேண்டும். சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்றப் பாலியல் நோய்களை இந்தக் குளிசை தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும். ஊசி பகிர்வதற்கும் இந்தப் பூச்சியக் கணக்கைப் பொருத்தக் கூடாது, ஆய்வுகள் பார்த்தது உடலுறவை மட்டும்தான்.

## கிளினிக்கில் எடுக்கிற இரத்தம்

மருந்து தடுப்பாகும் என்பதற்கு முதல் ஆதாரம் உண்மையில் தாய்மாரிடமிருந்துதான் வந்தது. 1994இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிடோவுடின் எடுக்காத தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் ஏறக்குறைய 25 வீதத்தினருக்குத் தொற்றியது. தாய் எடுத்து, பிறந்த பிள்ளைக்கும் ஆறு வாரம் கொடுத்தபோது அது 8 வீதம் ஆனது. இன்றைய மருந்துகளைக் கர்ப்ப காலத்திலேயே எடுத்தால் அது ஒரு வீதம் அளவுக்கு, அதற்குக் கீழும் கூட, இறங்கும்.

ஆகவே கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தம் எடுப்பது சந்தேகத்தால் அல்ல, எல்லாருக்கும் எடுப்பார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து 'இரத்தம் குடுத்தாச்சோ?' என்று கேட்பது கிளினிக் கார்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருப்பதால். மாதிரி உறைந்து போனாலோ அளவு போதாமல் போனாலோ இரண்டாம் தரமும் எடுப்பார்கள். அதை வைத்துக் கதை கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: இப்படி எல்லாத் தாய்மாரையும் பரிசோதித்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. வன்னியின் தாய்மாரும் நீட்டிய கைகளால் வந்த சான்றிதழ் அது. தாய்ப்பாலில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். தொற்றுள்ள தாய் பாலூட்டலாமா என்பதைத் தன் டொக்டரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

## நுளம்பு கடித்தால் ஏன் வராது

எச்.ஐ.வி. பரவுவது இரத்தம், விந்து, யோனித் திரவம், மலவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவை மூலம்தான். கிணறு, கக்கூசு, ஒரே கோப்பையில் தேத்தண்ணி, கைகொடுத்தல், ஒரே அறையில் தூங்குதல், இவை எதனாலும் வராது. இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நுளம்பில்தான் சந்தேகம் நிற்கும். மலேரியாவில் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட மண்ணில் இந்தச் சந்தேகம் வருவது நியாயமே. 'ஒருவரைக் கடித்துவிட்டு மற்றவரைக் கடித்தால் மலேரியா வந்ததே, இது ஏன் வராது?'

மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்ந்து, அங்கிருந்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரும். நுளம்பு கடிக்கும்போது நமக்குள் விடுவது உமிழ்நீரை, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. எச்.ஐ.வி.க்கு மனித சி.டி.4 கலம் வேண்டும், நுளம்பில் அது இல்லை. குடித்த இரத்தத்தோடு வைரஸும் சமிபட்டுப் போகும். உமிழ்நீருக்கு அது வந்து சேர வழியே இல்லை. 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக அறிவிக்கும் வரை நம்மைக் கடித்த அத்தனை நுளம்பிலும் ஒன்றாவது எச்.ஐ.வி.யைப் பரப்பியதில்லை.

சலூன் பிளேட் பற்றியும் கேட்பார்கள். வெளியில் காற்றுப்பட்டுக் காயும்போது எச்.ஐ.வி. சீக்கிரம் வலுவிழந்துவிடும். தொற்றாளரின் இரத்தம் பட்ட ஊசி தாதி ஒருவரின் கையில் நேரடியாகக் குத்தினால்கூட ஆயிரத்தில் மூன்று அளவுதான் ஆபத்து. இருந்தாலும் புது பிளேட் கேட்பது நல்லது, ஈரல் அழற்சி வைரஸ்கள் இதைவிடத் தாக்குப்பிடிப்பவை.

## தொற்று இல்லாதவருக்கும் மருந்து

இதே மருந்துகளில் சிலவற்றைத் தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுத்தால், வைரஸ் வந்தாலும் கலத்துக்குள் காலூன்றாது. இதற்குப் பிரெப் என்று பெயர். அமெரிக்கா 2012இல் இதற்கு முதல் அனுமதி கொடுத்தது. 2024இல் வந்த முடிவு பெரிய செய்தி: தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் லெனகாபவிர் ஊசி போட்ட 2134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினமும் குளிசை வைத்திருந்தால் கணவனோ மாமியோ கேட்பார்கள் என்று பயப்படுகிற பெண்ணுக்கு, வருடம் இரண்டு ஊசி என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

தொற்று நடந்திருக்கலாம் என்று பயம் வந்தால், ஊசி குத்துப்பட்டாலோ வன்புணர்வு நடந்தாலோ, 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. 28 நாள் மருந்து கொடுப்பார்கள். வெட்கத்தில் மூன்று நாள் கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். தடுப்பூசி இன்னும் இல்லை. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் முற்றாகக் குணமாகியிருக்கிறார்கள், ஆனால் அது புற்றுநோய்க்காகச் செய்த ஆபத்தான சிகிச்சை, மற்றவர்களுக்குப் பொருந்தாது.

## பரிசோதனைக்குப் போனால் என்ன நடக்கும்

வவுனியா, கிளிநொச்சி போன்ற மாவட்ட வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை, விவரம் வெளியில் போகாது. முதலில் கொஞ்சம் கதைப்பார்கள், எப்போது, எப்படிப்பட்ட ஆபத்து என்று கேட்பார்கள். கேட்பது குற்றம் பிடிக்க அல்ல. தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. தெரிய வரும் வரையுள்ள அந்த இடைக்காலம் பரிசோதனை வகையைப் பொறுத்துச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை. நேற்று நடந்ததற்கு இன்று சோதித்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை என்பதால்தான் திகதி கேட்கிறார்கள், மறுபடி வரச் சொல்கிறார்கள்.

முதல் சோதனையில் 'இருக்கிறது' என்று காட்டினால் அதை முடிவாக எடுக்க மாட்டார்கள், வேறு முறையிலும் உறுதிப்படுத்துவார்கள். உறுதியானால் சி.டி.4 விழும் வரை காத்திருக்கிற பழைய வழக்கம் இப்போது இல்லை. தொற்றுள்ள எல்லாருக்கும் உடனே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது. காசநோய் போன்ற வேறு வருத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாளுக்கு ஒரு குளிசையைத் தொடங்குவார்கள். சில மாதத்தில் வைரஸ் சுமைக்கு இரத்தம் எடுப்பார்கள். இலட்சத்தில் இருந்த எண் 50க்குக் கீழே வந்திருந்தால், அதே குளிசையைத் தொடரச் சொல்லி அடுத்த திகதியைக் கார்ட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.